முதல் மாதத்தில் முடி வெட்டுவதில்லை

"ஆடாம உட்காருங்க!"

ரூயிங் சொல்லி முடிப்பதற்குள் அவன் திரும்பியேவிட்டான்.

வருடத்தின் கடைசி நாள் அது. சீனப் புத்தாண்டு பிறந்துவிட்டால் அந்த முதல் மாதம் முழுக்க யாரும் முடி வெட்டிக்கொள்ள மாட்டார்கள் என்பதால் ஊரிலிருந்த தலையெல்லாம் அவள் கடையில்தான் இருந்தது. நாற்காலியில் இருந்தவன் தாவ்ஷெங். குவாங்சோ நகரத்தில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன், விடுமுறைக்கு வந்திருந்தான். சும்மா இருந்திருக்கலாம்...

"நீங்க பிறந்தது எந்த மிருகத்தோட வருஷம்?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டான்.

"புலி."

"ஐயோ! நான் பாம்பு. புலின்னா பத்தடி தள்ளி நில்லுன்னு எங்கம்மா சொல்லிருக்காங்க..."

சிரித்துக்கொண்டே அவள் முகத்தை நேரில் பார்க்கத் திரும்பியபோதுதான் மிஷின் அவன் காதுக்கு மேலே வெள்ளையாக ஒரு பாதை போட்டது.

"மொட்டை அடிச்சாத்தான் சரியாகும்" என்றாள் எரிச்சலோடு.

"புது வருஷத்துல மொட்டைத் தலையோட போனா வீட்ல சோறு கிடைக்காதுங்க."

குல்லாயை இழுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டான். வாசலில் நின்று மறுபடி ஒரு பார்வை... அதில் கோபமே இல்லை. அதுதான் அவளைப் படுத்தியது.

புலி வருடத்துப் பெண் புருஷனை முழுங்கிவிடுவாளாம். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு இரண்டு வரன்கள் நின்றுபோயிருந்தன. மூன்றாவது தடவை ஆசைப்பட்டு அழக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள்.

ஆறாம் நாள், தலை கழுவிக்கொள்ள வருகிறவர்களுக்காகக் கடை திறந்தாள். வெளியே பனி, பஞ்சு பஞ்சாக... முதல் ஆளாக அதே குல்லாய் வந்து நின்றது.

"இதைச் சரி பண்ணுங்க. ஊரே சிரிக்குது."

"தாய்மாமன் இருக்காரா?"

"இ... இருக்கார். ஒரே மாமா."

"அப்போ அடுத்த மாசம் வாங்க. இந்த மாசம் முடி வெட்டினா தாய்மாமன் உயிருக்கு ஆகாது. அவர் தும்மினாக்கூட புலிதான் காரணம்பாங்க."

"பதினாறாம் நாள் நான் ரயில் ஏறணுமே!"

"குல்லாயோட ஏறுங்க."

"சரி... கழுவியாவது விடுவீங்களா?"

கழுவிவிட்டாள். மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும்... வெதுவெதுப்பான தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு மாமா கதையாகச் சொல்வான். மாமா சீட்டாட்டத்தில் சைக்கிளைத் தோற்ற கதை, மாமா வாத்து வளர்த்த கதை...

"அதென்ன சிவப்பு சாக்ஸ்?"

"இது பாம்பு வருஷமாச்சே. சொந்த வருஷத்துல கெட்டது நடக்கும், சிவப்பு காப்பாத்தும்னு அம்மா மாட்டிவிட்டாங்க."

"அதான் முன்னாடியே நடந்துடுச்சே, தலையில!"

இருவரும் சிரித்தார்கள். அவனுடைய இமைகளில் நுரை ஒட்டியிருந்தது. துடைத்துவிடத் துடித்த விரலை அவள் மடக்கிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் கேட்டான்.

"பதினஞ்சாம் நாள் விளக்குத் திருவிழாவுக்கு என்கூட வர்றீங்களா?"

அவளுக்குப் போகத்தான் ஆசை. ஆனால் வாய்...

"பத்தடி தள்ளி நிக்கச் சொன்னாங்களே உங்கம்மா?"

அவன் முகம் வாடிவிட்டது. ஈரத் தலையோடு எழுந்து போனவன், அடுத்த இரண்டு நாள் வரவேயில்லை.

பதினைந்தாம் நாள் மத்தியானம் ஒரு அம்மா உள்ளே வந்தார். கையில் ஆவி பறக்கும் பாத்திரம்.

"என் பையன் தாவ்ஷெங் தலையில கோடு போட்டது நீதானா?"

ரூயிங்குக்கு உயிரே போய்விட்டது.

"மன்னிச்சிடுங்கம்மா. அன்னைக்கே சரி பண்ணிருப்பேன். அவரோட மாமாவுக்கு ஏதாவது ஆயிடுமோன்னுதான்..."

"எந்த மாமா?"

"உங்க கூடப் பிறந்தவர்... வாத்து வளர்க்கிறாரே!"

"எனக்குக் கூடப் பிறந்தவங்களே கிடையாதும்மா. நான் ஒத்தப் பொண்ணு."

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு வாரமா தலையைக் கழுவிக் கழுவி வந்தான். இப்ப ரெண்டு நாளா சரியாச் சாப்பிடக்கூட இல்ல. அதான் நேர்ல பாத்துடலாம்னு வந்தேன்."

"நான்... புலி."

"தெரியும். எனக்கும் பயம்தான். ஆனா கடிக்கிற மாதிரி தெரியலையே! நான் எலி, அவங்கப்பா ஆடு. சேரவே சேராதுன்னாங்க. முப்பது வருஷமா சண்டை போட்டுக்கிட்டு ஒண்ணாத்தான் இருக்கோம்." பாத்திரத்தை அவள் கையில் வைத்தார். "திருவிழாவுக்குச் செஞ்ச அரிசி உருண்டை, உள்ள எள்ளுப் பூரணம். ஆறுறதுக்குள்ள சாப்பிடு."

"அம்மா... அவரைக் கொஞ்சம் வரச் சொல்றீங்களா?"

அரை மணி நேரத்தில் மூச்சு வாங்க வந்து நின்றான். அவள் நாற்காலியைக் காட்டினாள். குல்லாயைக் கழற்றினாள். கத்தரிக்கோலை எடுத்தாள்.

"ஐயோ, மாமாவுக்கு..."

"எந்த மாமா?"

கண்ணாடியில் அவன் காதுகள் சிவந்தன.

"எதுக்கு இவ்வளவு பொய்?"

"வெட்டிவிட்டுட்டீங்கன்னா... மறுநாள் என்ன சொல்லிட்டு வர்றது? உங்களைப் பிடிச்சுப்போச்சு. கோடு போட்டீங்களே, அன்னைக்கே..."

அவள் வெட்டத் தொடங்கினாள். கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கோடு மறைந்தது.

"நாளைக்கு ரயிலா?"

"ம்... அங்க யார்கிட்டயும் முடி வெட்டிக்க மாட்டேன். எவ்வளவு வளர்ந்தாலும் இங்கதான்."

"அது மாசா மாசம் வளருமே..."

"மாசா மாசம் வருவேன்."

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. அவன் பார்த்துவிடக் கூடாதென்று நாற்காலிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு, மெதுவாக... மிக மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு."

"என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை..."

"மாட்டேன். தலையைக் குனி."