சுவருக்கு அந்தப் பக்கம்

பிப்ரவரி மாதம் அம்மா இறந்துபோனாள். அதற்குப் பிறகு என் அப்பாவிடம் மூன்றே மூன்று வார்த்தைகள்தான் மிச்சம். "ம்", "சரி", "தூங்கு".

பொய்யில்லை, எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அம்மாவின் பேரை மட்டும் அவர் வாயில் எடுப்பதே இல்லை. நான் "அம்மா" என்று ஆரம்பித்தால் போதும், எழுந்து போய் சமையலறைக் குழாயைத் திறந்துவிடுவார். கழுவ ஒரு பாத்திரமும் இருக்காது. தண்ணீர் பாட்டுக்கு ஓடும்.

எனக்குப் பயமாக இருந்தது. இப்படியே போனால் என் அம்மா, யுகாரி என்று ஒருத்தி எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை என்று ஆகிவிடாதா? அப்பா ஒரே ஒரு தடவை அம்மாவைப் பற்றிப் பேசினால் போதும். எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

அதற்காகத்தான் வெந்நீர் ஊற்றுக்குப் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தேன். ஒவ்வொரு அக்டோபரிலும் நாங்கள் மூன்று பேரும் போகிற இடம் அது. அங்கேயாவது பேசமாட்டாரா?

ஒரு வாரம் நச்சரித்த பிறகு அப்பா "சரி" என்றார்.

எங்கள் ரயிலுக்கு இரண்டே பெட்டிகள். ஆற்றை ஒட்டியபடி மெதுவாக மலை ஏறும். ஜன்னலுக்கு வெளியே காடு முழுக்க இலைகள் நிறம் மாறியிருந்தன.

"அந்த மலையைப் பாருங்கப்பா! சிவப்பு, மஞ்சள், பச்சை. டிராஃபிக் சிக்னல் மாதிரியே இல்ல?"

"ம்."

"நிக்கிறதா போறதான்னு தெரியாம குரங்கெல்லாம் முழிச்சிட்டு நிக்கும்!"

"ம்."

கல்லிடம் சொல்லியிருந்தால்கூட ஒரு சிரிப்பு வந்திருக்கும்.

சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்தோம். அப்பாவுக்கு இனிப்பு முட்டை ரோல் என்றால் உயிர். என் பெட்டியில் இருந்ததைச் சாப்பிடும் குச்சிகளால் எடுத்து, "இந்தாங்கப்பா" என்று நீட்டினேன். அவரும் ஏதோ யோசனையில் தன் குச்சிகளை நீட்டி அதைப் பிடித்தார்.

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் ஊரில் சின்னக் குழந்தைகூட இந்தத் தப்பைச் செய்யாது. சாப்பாட்டை ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு மாற்றவே கூடாது. இறந்தவர்களை எரித்த பிறகு எலும்பைத்தான் அப்படிக் கைமாற்றுவோம். பிப்ரவரியில் அப்பாவும் நானும் அப்படித்தான் அம்மாவை எடுத்து ஜாடியில் வைத்தோம்.

முட்டை கீழே விழுந்தது. அப்பா பெட்டியை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்கப்பா. தெரியாம செஞ்சுட்டேன்."

சீ, என்ன காரியம் செய்துவிட்டேன்! எல்லாவற்றையும் நானே கெடுத்துவிட்டேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கே ஓடிவிடலாமா என்று இருந்தது.

வெந்நீர் ஊற்றுக் குளியல் விடுதியில் அப்பா தலையைக் குனிந்தபடி ஆண்களுக்கான நீலத் திரைக்குள் போய்விட்டார். பெண்களுக்கான சிவப்புத் திரைக்கு முன்னால் நான் மட்டும் நின்றேன். அம்மா இல்லாமல் நான் அதற்குள் போனதே இல்லை.

உள்ளே முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டேன். முதுகு எட்டவில்லை. அதற்கே அழுகை வந்துவிட்டது. குளிக்கிற இடத்தில் அழுவதில் ஒரு வசதி உண்டு, யாருக்கும் தெரியாது.

பக்கத்தில் இருந்த குண்டு மாமிக்குத் தெரிந்துவிட்டது.

"திரும்பு பாப்பா, நான் தேய்க்கிறேன். அடேயப்பா, இது முதுகா இல்ல துணி துவைக்கிற பலகையா? சோறு கீறு திங்கிறியா இல்லையா?"

"கொஞ்சம் திங்கிறேன்."

"கொஞ்சம்தான்னு பாத்தாலே தெரியுதே!"

தொட்டியில் இறங்கினேன். வெந்நீர் கழுத்துவரை வந்தது. இதமாக இருந்தது. அதுதான் எனக்குக் கோபம். அம்மா இல்லாதபோதும் இந்தத் தண்ணீர் எப்படி இவ்வளவு சுகமாக இருக்கலாம்?

ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே ஒரு மரச் சுவர். அது கூரைவரை எட்டாது. கிளம்புகிற நேரம் வந்தால் எல்லாக் குடும்பமும் அதற்கு மேலாகத்தான் கூப்பிட்டுக்கொள்ளும்.

திடீரென்று அங்கிருந்து ஒரு குரல் கணீரென்று வந்தது.

"யுகாரி! கிளம்பலாமா?"

அப்பா! எட்டு மாதமாக நான் கேட்கத் தவித்த பேர். ஆனால் ஐயோ, இப்படியா? பழக்கதோஷம். வாய் தானாகவே கூப்பிட்டுவிட்டது.

"யாரும்மா யுகாரி?" மாமி சுற்றிலும் பார்த்தாள். "பதில் சொல்லுங்களேன், பாவம், மனுஷன் காத்துக்கிட்டு இருக்காரு."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கமும் சத்தம் அடங்கிவிட்டது. அப்பாவுக்கு நினைவு வந்துவிட்டது என்று புரிந்தது.

சும்மா இருந்தால் அவர் வாயை இறுக மூடிக்கொள்வார். அந்தப் பேர் இனிமேல் வரவே வராது. அம்மா மாதிரி நான் குரல் கொடுக்கலாமா? கொடுத்தால், அப்பா வெளியே வந்ததும் அங்கே யார் இருப்பார்கள்?

நான் எழுந்து நின்று, தொண்டை கிழியக் கத்தினேன்.

"அப்பா! அம்மா இங்க இல்லப்பா! நான் இருக்கேன்! நாவோ இருக்கேன்!"

மாமி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தப் பக்கம் என்னவோ சத்தம். தண்ணீர் என்றுதான் முதலில் நினைத்தேன். அது அப்பா. அவ்வளவு பெரிய ஆள், குழந்தை மாதிரி ஓவென்று அழுதார். அம்மாவை எரித்த அன்றுகூட அவர் அழவில்லை.

"உக்காருங்கண்ணே. அழுதுடுங்க, பரவாயில்லை" என்று யாரோ சொல்வது கேட்டது.

நானும் அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"நாவோ" என்றார் அப்பா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"இருக்கேம்ப்பா!"

"உங்கம்மா... யுகாரி... இன்னும் பத்து நிமிஷம்னுதான் எப்பவும் சொல்லுவா. ஒருநாளும் பத்து நிமிஷத்துல வந்ததில்லை. கல்யாணமான புதுசுல, வெளியே அவளுக்காகக் காத்திருந்து காத்திருந்து ஒன்பது அவிச்ச முட்டை தின்னுட்டேன். ஒன்பது!"

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டே களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"அப்புறம் என்னாச்சுப்பா?"

அப்பா சொல்ல ஆரம்பித்தார். அவர் சொல்லி முடிக்கும்வரை, சுவருக்கு இரண்டு பக்கமும், ஒருத்தர்கூடத் தண்ணீரைவிட்டு எழுந்திருக்கவில்லை.