கவசத்துக்குள் ஒரு பள்ளம்

பட்டறையில் 'படார்' என்று சத்தம் கேட்டது. வாலு ஓடிப்போய்ப் பார்த்தாள். பத்து வயதாகியும் ஓரிடத்தில் சும்மா இருக்கமாட்டாள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

அப்பாவின் கையில் இருந்த பித்தளைத் தலைக்கவசம் உச்சிவரை விரிசல் விட்டிருந்தது. சுத்தியலடி ஒன்று கூடிப்போய்விட்டது.

"போச்சு! இதை இனி ஒண்ணும் பண்ண முடியாது," என்றார் அப்பா.

பழங்கால ரோமானியப் போர்வீரர்கள் அணிந்ததைப் போலவே தலைக்கவசம் செய்வதுதான் அவர் தொழில். மறுநாள் அருங்காட்சியகத் திடலில் பன்னிரண்டு பேர் ரோமானியப் படை போல அணிவகுக்கப் போகிறார்கள். விரிசல் விட்டது, அதை வாங்கிப்போக வந்து பக்கத்தில் நின்றிருந்த தபால்கார மாமாவின் கவசம்.

"என் தலை பெரிசுதான். அதுக்காகப் போடறதுக்கு முன்னாடியேவா வெடிக்கணும்?" என்றார் மாமா.

யாரும் சிரிக்கவில்லை. வீட்டில் இன்னொரு கவசம் இருந்தது. அது அண்ணனுடையது.

போன வருடம் அந்தப் படையில் அண்ணனும் நடந்தான். பிறகு காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை. அவன் கவசத்தை அம்மா யாரையும் தொடவிட்டதில்லை.

"நான் வெறுந்தலையோட நடந்துக்கறேன், விடுங்க," என்றார் மாமா.

அம்மா காதில் அது விழுந்தது. அலமாரியிலிருந்து கவசத்தை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள்.

"அவன் இருந்தா குடுத்திருப்பான்," என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

அப்பா கத்தியை எடுத்தார். கவசத்துக்குள் கம்பளித் துணியில் மெத்தை தைத்திருக்கும். போடுபவர் தலைக்கு ஏற்றபடி அது அமுங்கிவிடும். ஆள் மாறினால் பழைய மெத்தையை அறுத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது தைப்பதுதான் பட்டறை வழக்கம்.

"அப்பா, அறுக்காதீங்க!"

"ஏம்மா?"

"அம்மா தினமும் காலையில அதுக்குள்ள கையை வெச்சுக்கிட்டு நிப்பாங்க. நான் பாத்திருக்கேன். வெளியில இருக்கற பித்தளையை அவங்க தொடறதே இல்லப்பா."

அப்பா உள்ளே பார்த்தார். மெத்தையில் அண்ணனின் தலை அளவுக்கு ஒரு பள்ளம். கத்தியைக் கீழே வைத்தார்.

"எனக்கு இது தோணவே இல்லையே," என்றார்.

வாலு சின்னக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். இரண்டு முறை விரலில் குத்திக்கொண்டாள். பள்ளம் கலையாமல் மெத்தை முழுதாக வந்தது. அதை ஏந்திக்கொண்டு போய் அம்மா மடியில் வைத்தாள்.

"கவசம் மாமாவுக்கு. இது நமக்கும்மா."

அம்மா அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "இன்னும் அவன் வாசனை அடிக்குதுடி," என்றவள் ஓவென்று அழுதாள்.

இத்தனை மாதமும் அம்மா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வாலு போர்வைக்குள் அழுதாள். இன்றுதான் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். வெகுநேரம் அழுதார்கள்.

பிறகு வாலு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பசிக்குதும்மா," என்றாள்.

"எனக்கும்தான்டி," என்றாள் அம்மா.