கிட்ட வாங்க

பச்சை விளக்கு சிமிட்டியது.

கண் வைத்துப் பார்க்கும் துளைக்குப் பக்கத்தில் கடுகளவு விளக்கு அது. பட்டனைப் பாதி அழுத்தியதும் நிலையாக எரிந்தால் படம் எடுக்கலாம். சிமிட்டினால், எதிரில் இருப்பது கேமராவுக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். ஆனால் இலக்கியாவுக்கு எதிரில் மகள் மகிழ் மட்டும்தான் இருந்தாள். அதுவும் கூடத்தின் அந்தக் கோடியில், சுவரோரம் பாயில் உட்கார்ந்து, பிஸ்கட்டைத் தண்ணீரில் முக்கித் தின்றுகொண்டு. நடுவில் வெறும் சிமெண்டுத் தரை.

இலக்கியா முந்தானையால் லென்ஸைத் துடைத்தாள். இந்தப் பனிக்கு மனுஷர்களே சளி கட்டிப் படுத்துவிடுகிறார்கள், பழைய பிலிம் கேமராவைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது? மறுபடி கண்ணில் வைத்தாள். மறுபடியும் சிமிட்டியது.

மதியமே இறங்கிய பனி, கொட்டச்சேட்டு எஸ்டேட்டின் காபிச் செடிகளை முதலில் விழுங்கி, பிறகு சில்வர் ஓக் மரங்களை விழுங்கி, பொழுது சாயும் நேரத்துக்கு ஜன்னல் கம்பிவரை வந்து நின்றிருந்தது. கூரைத் தகரத்தில் மரத்து நீர் சொட்டுகிற சத்தமும், அரைத்துக் கொட்டிய காபிப் பழத்தோலின் புளித்த வாடையும் தவிர வெளியே உலகம் இருப்பதற்கு அடையாளம் இல்லை. கரண்ட் போய் வெகு நேரமாகிவிட்டது. அலமாரியில் எமர்ஜென்சி லைட் மஞ்சளாக மங்கிக்கொண்டிருந்தது. கணவன் ரஞ்சித் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். பழம் எடை போடும் இடத்திலிருந்து இன்னும் வரவில்லை.

கேமரா அவள் தம்பி வசந்த் கொடுத்தது. “போன்ல எடுத்தா ஆரும் திரும்பப் பாக்கறதில்லக்கா. இதுல எடு, மகிழுக்கு நாளைக்கு இருக்கும்” என்றான். துளை வழியாகத் தெரிவது வேறு, கேமராவின் கண்ணில் விழுவது வேறு. லென்ஸை விரல் மறைத்தால்கூட நமக்குத் தெரியாது, பார்த்து எடு என்றும் சொல்லியிருந்தான்.

கேமராவில்தான் கோளாறோ என்று பார்க்க, மத்தியானம் ரஞ்சித் சேலத்திலிருந்து கொண்டுவந்த போட்டோக் கவரைப் பிரித்தாள். போன வாரம் பழம் பறிக்கிற இடத்தில், சாரலில் எடுத்த படங்கள். கூலிக்கு வரும் மாதம்மாளும் இன்னும் மூன்று பெண்களும் தோள் உரச நின்று சிரித்தார்கள். அவர்களுக்குப் பின்னால், தூரத்தில், பனிக்குள் ஒரு மரக்கட்டை.

அடுத்த படத்தில் அந்தக் கட்டை, ஓக் மரத்தைத் தாண்டி முன்னால் வந்திருந்தது. கட்டை இல்லை, தலையில் சாக்கு மடித்துப் போட்ட ஒரு பெண்.

மூன்றாவது படத்தில் அவள் வரிசையின் ஓரத்தில் நின்றாள். நாலு முகமும் பளிச்சென்று இருந்தன. அவள் முகம் மட்டும் ஈரக்கையால் தேய்த்த மாதிரி இருந்தது.

நான்காவதில் யாருமே இல்லை. படம் முழுக்கச் சாக்கின் இழைகள் மட்டும்.

இலக்கியா படங்களைக் கீழே வைத்தாள். மாதம்மாளுக்குப் போன் போட்டாள்.

“மாதம்மாக்கா, அன்னிக்கு போட்டோவுக்கு எத்தன பேருங்க நின்னீங்க?”

“நாலு பேருதான் கண்ணு. ஏன், நல்லா உளுகலியா?”

“சாக்குப் போட்டுட்டு ஒருத்தங்க…”

“நானே கேக்கோணும்னு இருந்தேன். எங்களுக்குப் பொறத்தால பாத்து, ‘ஏனுங்க அக்கா, தனியா நிக்கறீங்க, நீங்களும் கிட்ட வாங்க’ன்னு கூப்புட்டியே. அங்க ஆருமே இல்ல கண்ணு. நீ வெளையாட்டு பண்றீன்னு நாங்க சிரிச்சோம்.”

ஆமாம், கூப்பிட்டாள். பனிக்குள் யாரோ ஒதுங்கி நின்ற மாதிரி இருந்தது. படம் எடுக்கும்போது ஒருத்தரை மட்டும் விட்டுவிட்டால் அவர் மனசு என்ன பாடுபடும்? அதனால் கூப்பிட்டாள். ஒரு தடவை இல்லை. ஒவ்வொரு படத்துக்கும், “இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க” என்று.

ரஞ்சித்துக்குப் போன் அடித்தாள். மணி அடித்து அடித்து நின்றது.

கதவு தாழ் போட்டபடியே இருந்தது. கேமராவை அதன் பக்கம் திருப்பினாள். விளக்கு நிலையாக எரிந்தது. சமையல்கட்டுப் பக்கம் திருப்பினாள். நிலையாக எரிந்தது.

மகிழின் பக்கம் திருப்பினாள். சிமிட்டியது.

“மகிழு, இங்க வா சாமி.”

மகிழ் எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தாள். நின்றுவிட்டாள்.

“சாக்குப் போட்ட அத்தை மறிச்சுட்டு நிக்கறாங்கம்மா.”

நனைந்த சாக்கின் வாடை அப்போதுதான் வந்தது. இலக்கியாவின் முகத்துக்கு நேரே. மூச்சு விட்டால் படுகிற தூரத்தில். உடம்பு முழுக்கப் பயம். தனக்காக இல்லை, அந்தப் பக்கம் நிற்கிற பிள்ளைக்காக.

கூப்பிட்டது அவள். அனுப்ப வேண்டியதும் அவள்தான்.

“ஏனுங்க அக்கா,” என்றாள். “தள்ளிப் போங்க. கொஞ்சம் தள்ளிப் போங்க.”

தரையில் ஈரக்கால் ஒட்டிப் பிரிகிற சத்தம். ஒன்று. இன்னொன்று. வாடை விலகியது. சிமிட்டல் நின்று பச்சை விளக்கு நிலையாக எரிந்தது.

போய்விட்டாள். இலக்கியாவுக்குக் கண்ணீர் பொங்கியது. சொன்னதும் கேட்டாளே, மகராசி.

பிறகு தோன்றியது. தள்ளி என்றால் எங்கே?

எதிரில் இருந்தது மகிழ் மட்டும்தான்.

எமர்ஜென்சி லைட் அணைந்தது. அணைவதற்குள் துளை வழியாகப் பார்த்துவிட்டாள். மகிழ் இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள், தூக்கிக்கொள்ளச் சொல்லி. அம்மாவைப் பார்த்து அல்ல.

இலக்கியாவின் விரல் தானாக அழுந்தியது. பளீரென்று பிளாஷ்.

தரை காலி. மகிழ் தரைக்கு மேலே அந்தரத்தில் இருந்தாள். இடுப்பில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி கால்களை விரித்து, இல்லாத ஒரு கழுத்தைச் சுற்றிக் கை போட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு.

இருட்டு.

“ம்மா, அத்தை கேக்கறாங்க.” குரல் இலக்கியாவின் முகத்துக்கு நேர் உயரத்திலிருந்து வந்தது. “இன்னும் கிட்ட வரட்டுமான்னு.”

ஈரக்கால் ஒட்டிப் பிரிந்தது. ஒட்டிப் பிரிந்தது.

அவள் கண்ணிலிருந்து கேமராவை எடுக்கவில்லை. விரல் பட்டனில் உறைந்திருந்தது. பச்சை விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது.