வீக்கம் இன்னும் குறையவில்லை

"அது என் குடை!"

பஸ் நிறுத்தத்தில் அவள் போட்ட சத்தத்துக்கு எல்லோரும் திரும்பினார்கள்... அவனைத் தவிர. குடையை விரித்தேவிட்டான்.

"ஹலோ... உங்களைத்தான்!"

அப்போதுதான் திரும்பினான். இமையில் ஒரு மழைத்துளி. சண்டைக்கு வந்ததே அவளுக்கு மறந்துபோனது. அப்பப்பா, என்ன கண் இது!

"மன்னிச்சுக்கோங்க. என்னோடதும் கறுப்புதான். அப்போ என்னுது பஸ்ஸோட போயிடுச்சு போல..." குடையை நீட்டிவிட்டு நனைந்தபடியே நடந்தான்.

அரை மணி நேரத்தில் அதே ஈரச் சட்டையோடு அவளுடைய நாற்காலியில்தான் வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தான். அவள் பல் டாக்டர். வேற்றுக்கிரகம் போகிறவர்களைப் பரிசோதிக்கும் மையத்தில் வேலை. அவன் வெல்டர். அங்கே கட்டப்போகும் குடியிருப்புக்கு இரும்புச் சட்டம் ஒட்டப் போகிறவன்.

அவன் படிவத்தில் இரண்டு கட்டங்கள். 'ஒருவழி' என்றால் அடுத்த மாதமே கிளம்பலாம். ஆனால் ஞானப்பல் நான்கையும் பிடுங்கியாக வேண்டும். ஆயுசுக்கும் அங்கேதான், பல் வலித்தால் பார்க்க ஆளில்லை. 'போய்வரும் பயணம்' என்றால் பல் பிழைக்கும். அந்த விண்கலம் தயாராகத்தான் நாலு வருஷம் ஆகும்.

அவன் முதல் கட்டத்தில் டிக் அடித்திருந்தான். பென்சிலால்.

"ஏன் பென்சில்?"

"குழப்பமா இருக்கு டாக்டர். திரும்பி வரலாம்... யார்கிட்ட வர்றது? சரி, பல்லைப் பிடுங்குங்க."

"ஈறு வீங்கியிருக்கு. அடுத்த புதன் வாங்க."

வீக்கமா? மருந்துக்குக்கூட இல்லை! ஏன் அப்படிச் சொன்னாள்? அவளுக்கே விளங்கவில்லை.

"சரி, போறேன்."

"போறேன்னு சொல்லாதீங்க. போயிட்டு வரேன்னு சொல்லணும்."

"அதைக் கேக்க வீட்டுல ஆள் வேணுமே டாக்டர். அம்மா போனதுலேருந்து அந்தப் பழக்கம் விட்டுப்போச்சு." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவளால்தான் சிரிக்க முடியவில்லை.

அடுத்த புதனும் வீக்கம். அதற்கடுத்த புதனும்.

"ஞானப்பல் நாலு இருந்து என்ன புண்ணியம், ஞானம் வரலையே! எந்தக் கட்டம்னு நீங்களே சொல்லுங்களேன்..." கண்ணைப் பார்த்துக் கேட்டான்.

போகாதீங்க... தொண்டை வரை வந்துவிட்டது. இரண்டு வாரப் பழக்கம், கேட்டால் என்ன நினைப்பான்? கௌரவம் குறுக்கே விழுந்தது.

"வாயைப் பாக்கிறதுதான் என் வேலை. மனசைப் பாக்கிறது இல்ல."

அவன் முகம் சுண்டிப்போனது. "சரி... போறேன்."

நாலாவது புதன். படிவம் கொடுக்கக் கடைசி நாள். காலையிலிருந்து கதவையே பார்த்தாள். வேறு டாக்டரிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டானோ? உன் கௌரவத்தைக் கொண்டுபோய் உடைப்பில் போடு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வெளியே மழை கொட்டியது.

மையம் மூடுகிற நேரத்தில் கதவு திறந்தது. சொட்டச் சொட்ட நின்றான். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் படிவம்.

"கையெழுத்து வேணும் டாக்டர்."

வாங்கிப் பிரித்தாள். பென்சில் டிக் அழிந்திருந்தது. இரண்டாவது கட்டத்தில்... பேனா!

"இப்பவும் குழப்பம்தான்," என்றான் மெதுவாக. "ஆனா ஒண்ணு கேக்கணும். இன்னும் நாலு வருஷம் இங்கதான் இருப்பேன். அதுவரைக்கும் அந்த வீக்கம் குறையாம பாத்துக்குவீங்களா?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது அவளுக்கு. "வீக்கமே கிடையாது... பொய் சொன்னேன். உங்களைப் பிடிச்சிருக்கு. அதான்..."

"தெரியும். தினமும் கண்ணாடியில வாயைத் திறந்து பாத்தேன்."

"அடப்பாவி!"

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கூடவே கறுப்புக் குடையையும் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு வாசல்வரை போனான்.

"சரி... போ..." நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பினான். "படிவத்தைக் கொடுத்துட்டு, போயிட்டு வரேன்."

"ம்... போயிட்டு வாங்க."