கர்னல், சோடா, ஒரு சட்டைக்கை

பார்த்த இடத்தில் ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்ட இரண்டு ஆண் எலிகள், ஒரே சட்டையின் ஒரே கைக்குள் கட்டிப்பிடித்துத் தூங்கின. அதுவும் நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள்! அந்தத் தூக்கத்தால்தான் ஒரு கல்யாணமே நடந்தது. நம்பாதீர்கள். கல்யாணப் பெண்ணின் அண்ணியே நம்பவில்லை. இத்தனைக்கும் அண்ணி அதே லிஃப்டுக்குள்தான் நின்றுகொண்டிருந்தாள்.

முதல் சந்திப்பு மிருக டாக்டரின் வராந்தாவில். அன்றைக்குப் பெய்த மழையில் மீன்களே கரையேறிக் குடை கேட்டிருக்கும். அங்கே இருந்தது ஒரே பெஞ்ச். ஒரு முனையில் அவள், கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்ப்பவள். மடியில் கூண்டு, கூண்டுக்குள் கர்னல். சாம்பல் நிறம், தளபதி மீசை. மறுமுனையில் நனைந்தபடி வந்து உட்கார்ந்தான் லிஃப்ட் மெக்கானிக் ஒருவன். அவன் கூண்டில் வெள்ளைவெளேரென்று, சிவந்த கண்களோடு சோடா.

அவ்வளவுதான். கர்னலின் முடி பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி சிலிர்த்தது. பக்கவாட்டில் நண்டு போல நகர்ந்து பல்லைக் கறகறவென்று கடித்தது.

"ஏங்க, உங்க எலி என் எலியை முறைக்குது."

"அவன் பார்வையே அப்படித்தான். உங்களுதுதான் தலையைத் தலையை ஆட்டி வம்புக்கு இழுக்குது."

"அது பணிவுங்க."

"பணிவுமில்ல ஒண்ணுமில்ல. செகப்புக் கண்ணு எலிக்குத் தூரம் சரியாத் தெரியாது. ஆட்டி ஆட்டித்தான் அளந்து பாக்கும்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்... மழை விட்டதும் ஜன்னல் கம்பியில் கடைசியாக ஒரு துளி தொங்குமே, விழலாமா வேண்டாமா என்று... அப்படி இருந்தன அந்தக் கண்கள்.

"இப்ப நீங்க ஏன் தலையை ஆட்டுறீங்க?" என்றாள் அவள்.

"எனக்கும்... தூரம் தெரியலீங்க."

சிரிப்பு வந்தது அவளுக்கு. அடக்கிக்கொள்வதற்குள் கர்னல் முட்டியதில் கூண்டின் கொண்டி கழன்றது. சோடாவின் கூண்டுக் கதவும் படாரென்று திறந்தது. பெஞ்சுக்கடியில் சாம்பலும் வெள்ளையுமாக ஒரு பந்து உருண்டது.

"கையை உள்ள விடாதீங்க!" என்று கத்தினாள். விட்டுவிட்டான். கர்னல் அவன் விரலில் பல்லைப் பதித்துவிட்டது.

அவள் துண்டை வீசி மூடி, இரண்டையும் பிரித்தாள். பிறகு தன் கைக்குட்டையால் அவன் விரலைக் கட்டினாள். "எலி சண்டையில யாராவது கையை விடுவாங்களா? துணியைப் போட்டு மூடணும்."

"இனிமே மறக்க மாட்டேன்," என்றான். கொண்டியைப் பார்த்து, "லூசா இருக்கு, நான் மாத்தித் தரட்டுமா?" என்றும் கேட்டான்.

"எங்களுக்கே மாத்தத் தெரியும்," என்றாள். திமிர்தான். பார்வை மட்டும் அந்த விரலை விட்டு நகரவில்லை.

டாக்டரம்மா சின்ன வயசு, கலகலப்பு. "ரெண்டும் தனியா வளர்ந்த ஆம்பளைங்க. அதான் இந்த முறுக்கு. ஞாயித்துக்கிழமை இங்க கொண்டாங்க. நாய் குளிப்பாட்டுற தொட்டி காலியாத்தான் இருக்கும். அது ரெண்டுக்குமே சொந்த இடமில்ல, உரிமைச் சண்டை வராது. முதுகுல வெனிலா எசென்ஸ் ஒரு சொட்டு தடவிடுவோம். வாசனை ஒண்ணாயிட்டா ஒரே கூண்டுக்காரன்னு நினைச்சுக்கும்."

ஞாயிறுகள் இனித்தன. தொட்டிக்குள் எலிகள் பின்னங்காலில் நின்று குத்துச்சண்டை போட்டன. தொட்டிக்கு வெளியே இவர்கள் இருவரும் வாயால் போட்டார்கள். பிறகு எலிகளின் சிலிர்ப்பு அடங்கியது. ஒருநாள் சோடா, கர்னலின் காதை நக்கியது. அன்றைக்கு ஏனோ அவளுக்கும் காது சூடானது...

அப்புறம் வந்தது அந்தப் புதன்கிழமை.

கண்ணாடிக் கடைக்குள் டாக்டரம்மா நுழைந்தாள், பின்னாலேயே அவன். "இவர்தான் எங்க பில்டிங் லிஃப்டை சரி பண்ணினார். நீங்க நல்லா கண் அளவு பாப்பீங்கன்னும் இவர்தான் சொன்னார்!" என்று சிரித்தாள் டாக்டரம்மா.

அவள் கருவியை டாக்டரம்மாவின் முகத்துக்கு நேரே வைத்துக் குனிந்தாள். எவ்வளவு அழகான கண்! பவர்கூட அதிகமில்லை, பாவி! அப்போதுதான் அந்த வாசனை... வெனிலா. நிமிர்ந்தாள். அவன் சட்டையிலும் அதே வெனிலா. எலிகளைப் பழக்காத நாளில் இரண்டு பேர் மேலும் ஒரே வாசனை.

ஒரே வாசனை என்றால் ஒரே கூண்டு! வேறு எந்தப் பெண்ணுக்கும் இப்படிக் கணக்குப் போட வராது. எலி வளர்த்தவளுக்கு வந்தது. அவள் பல் கறகறவென்று கடித்துக்கொண்ட சத்தம் நாலு கடை தள்ளிக் கேட்டது.

"உங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது," என்றாள் அவனிடம்.

"என்னங்க?"

"ஞாயித்துக்கிழமை கர்னல் வரமாட்டான்."

சொன்னபடியே அவள் போகவும் இல்லை. அவன் போனை எடுக்கவும் இல்லை. கர்னலை மார்போடு அணைத்தால் மிச்சமிருந்த வெனிலா மூக்கில் ஏறி, கண்ணை நிறைத்தது. அண்ணிக்கு அதுவே வாகாகப் போயிற்று. "சண்டைக்கார எலி வீட்டுக்கு ஆகாதுடி. பார்க்கிறதையெல்லாம் கடிக்குது. டாக்டர்கிட்டயே விட்டுட்டு வந்துடலாம்." அண்ணன் எப்போதும் போல, "உங்க அண்ணி சொன்னா சரிதாம்மா," என்றான். அழக்கூடாது என்ற வீம்பில் அவளும் தலையாட்டிவிட்டாள்.

கர்னலின் கூண்டோடு அவளும் அண்ணியும் தங்கள் மாடியில் லிஃப்ட் பட்டனை அழுத்தினார்கள். கதவு திறந்தது. உள்ளே... அவன். நனைந்த தலை, தோள்பையிலிருந்து எட்டிப் பார்க்கும் சோடா. அவளைத் தேடித்தான் மேலே வந்திருக்கிறான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன மசமசன்னு நிக்கிறே? ஏறு," என்று அண்ணி தள்ளினாள். அவன் இறங்கவில்லை. லிஃப்ட் இறங்கியது. பாதியில் கரண்ட் போய், உலகமே குலுங்குகிற மாதிரி ஒரு குலுக்கலோடு நின்றது. அவசர விளக்கு மட்டும் மஞ்சளாக எரிந்தது.

அந்தக் குலுக்கலில் கழன்றது அதே கொண்டி! கர்னல் தரையில் குதித்தது. சோடா பையிலிருந்து நழுவியது. இரண்டுக்கும் முடி சிலிர்த்தது.

"ஐயோ!" என்று அண்ணி மூலையில் ஒண்டிக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

இந்தமுறை அவன் இடையில் கையை விடவில்லை. பனியனுக்கு மேல் போட்டிருந்த வேலைச் சட்டையைச் சட்டென்று கழற்றி, இரண்டின் மேலும் வீசி மூடினான். சட்டைக்குள் கீச்... கீச்... அப்புறம் ஓசையே இல்லை.

"செத்துப்போச்சா?" என்றது மூலையிலிருந்து குரல்.

அவள் துணியை விலக்கினாள். சட்டையின் ஒரு கைக்குள் இரண்டு மூக்குகள். சோடாவின் கழுத்தில் தாடையை வைத்துக் கர்னல் கண்ணயர்ந்திருந்தது. சட்டையிலிருந்து குப்பென்று வெனிலா!

"இன்னைக்கும் பூசியிருக்கீங்க," என்றாள் அவள். "டாக்டரம்மாவுக்கு அவ்வளவு பிடிக்குமோ?"

"டாக்டரம்மாவுக்கா? கர்னலுக்குங்க!"

"என்ன?"

"முதல் நாளே கடிச்சான். அவன் ஒத்துக்கலைன்னா உங்க வீட்டுக்குள்ள நான் எப்படி வர்றது? எலிக்குத் தடவுனா பழகுதே, எனக்கும் தடவிப் பாப்போம்னு... தினமும் காலர், கையெல்லாம் தடவிக்கிறேன். லிஃப்டுல வர்றவங்க என்னைக் கேக் கடைக்காரன்னே முடிவு பண்ணிட்டாங்க."

"அவங்க மேலயும் அதே வாசனை..."

"பாட்டில் அவங்ககிட்டதான் இருக்கு. எனக்கு ஊத்துறப்ப அவங்க மேலயும் சிந்தும்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அவங்க கண்ணு அழகா இருக்கும்ல?"

"நான் எங்க பாத்தேன்? எனக்குத்தான்... அன்னைக்கு பெஞ்சுல உக்காந்ததுலேர்ந்து ஒரு ஜோடிக் கண்ணைத் தவிர வேற எதுவும் தெரியலியே. உங்களைப் பிடிச்சிருக்குங்க. ரொம்ப."

மஞ்சள் விளக்கு மினுக்கியது. "எனக்குப் பொறாமைல பல்லு கறகறன்னுச்சு," என்றாள் தலைகுனிந்து. "கர்னலே தேவலை. பிடிக்கலைன்னா அப்படி வருமா... நீங்களே சொல்லுங்க."

கரண்ட் வந்தது. குலுக்கலில் எலிகள் விழித்தன. ஆளுக்கொன்றாகக் கூண்டிலும் பையிலும் வைத்தார்கள். கீழே கதவு திறந்தபோது குடையோடு அண்ணன் நின்றிருந்தான். அவள் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"எலி ரெண்டும் கட்டிப்பிடிச்சுத் தூங்குச்சா? சரி, சண்டை போடாதுன்னா கர்னல் இருக்கட்டும். இவரும் வீட்டுக்கு வரட்டும், பேசுவோம். ஆனா உங்க அண்ணி சொல்லணும்." மனைவியின் பக்கம் திரும்பினான். "நடந்துச்சா?"

"அதெல்லாம் நடக்கிற காரியமா? நான் கண்ணை மூடிட்டிருந்தேன்," என்றாள் அண்ணி.

அவள் கூண்டை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அவள் அன்றைக்குக் கைக்குட்டையால் கட்டிய விரலை அவன் தடவிக்கொண்டான். கூண்டுக்குள்ளிருந்து கர்னல்கூட மீசையை ஆட்டாமல் அண்ணியையே பார்த்தது.

அண்ணி தலைமுடியைச் சரிசெய்தாள். வராத இருமலை இருமினாள்.

"ஒரு கண்ணு... லேசாத் திறந்திருந்துச்சுங்க. வெள்ளையோட வாலு சாம்பல் மேல கிடந்துச்சு. நடந்துச்சுதான்."