பதிவு எண் ஒன்று

விக்கிரமசிங்கபுரம் போகிற சாலையில் இருக்கும் அந்தச் சின்ன நூற்பாலையில், இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சோதிக்க நான் போய் இறங்கியபோது காலை பதினொன்று. கேட்டருகே தஸ்மியா காத்திருந்தாள். பத்து நாள் முன்பு இயந்திரத்தில் கை சிக்கி இறந்த யஹ்யாவின் தங்கை.

"மதினி இத்தாவுல இருக்காக, நாலு மாசம் வெளிய வரக்கூடாது, அதான் நான் வந்தேன் அண்ணாச்சி. யஹ்யா காக்கா மெயினை நிறுத்தாம கைய விட்டாகன்னு மில்லுல சொல்லுதாக. அந்தப் பொட்டில எல்லாம் எழுதியிருக்கும்லா? பாத்து உள்ளதச் சொல்லுங்க, போதும்."

சொல்கிறேன் என்றேன்.

இயந்திரத்தின் ஒவ்வொரு பாகத்துக்கும் வரிசைப்படி மின்சாரம் விடுகிற பெட்டி அது. பிழை நேர்ந்தால் மணி, நிமிடத்தோடு நினைவகத்தில் பதிந்துகொள்ளும். மின்சாரம் போனாலும் பதிவு போகாது. பிரதி எடுத்த பிறகே அழிக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம்.

லேப்டாப்பை இணைத்தேன். ஒரே பதிவு.

11:40, மெயின் நிறுத்தம். 11:42, கட்டளை இல்லாமல் உருளை ஓட்டம். உருளையில் தடை.

யஹ்யா நிறுத்திவிட்டுத்தான் கையை விட்டிருக்கிறான். தடை என்று பதிந்திருப்பது அவன் கை. தப்பு பெட்டியுடையது.

பின்னால் நின்ற மேனேஜர் குற்றாலலிங்கம் குனிந்தார். "அழிச்சிட்டுப் போவும் வே. நாளைக்கு விபத்த விசாரிக்க அதிகாரி வாராரு. அடுத்த வருஷமும் நீரு இங்கன வரணும்லா?"

நான் பயந்தாங்கொள்ளி. பிரதி எடுக்காமலே அழித்தேன். அவர் திருப்தியாகப் போய்விட்டார்.

பதிவுகள்: பூஜ்யம்.

பையை மூடப்போனேன்.

பதிவுகள்: ஒன்று.

அதே வரிகள். மறுபடி அழித்தேன். மறுபடி வந்தது. பஞ்சு வாடைக்குள் மெல்ல, யஹ்யா எப்போதும் பூசுகிற அத்தர் வாடை கலந்தது. அங்கே என்னைத் தவிர ஆளில்லை.

பயத்துக்கு முன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. நினைவகச் சில்லையே கழற்றிவிடலாம் என்று மெயினை நிறுத்தினேன். உருளைகளுக்கு நடுவே கையை விட்டு, அடியிலிருந்த பெட்டியைத் தொட்டேன். அப்போதுதான் கைக்கடிகாரம் கண்ணில் பட்டது.

11:40.

கையை இழுத்தேன். வரவில்லை.

யாரோ மணிக்கட்டைப் பிடித்திருந்தார்கள். ஈரமான, சில்லிட்ட ஐந்து விரல்கள்.

"யஹ்யா... விட்டுருப்பா."

பிடி இறுகியது.

காலை இயந்திரத்தில் உதைத்து, தோல் உரிய உரியக் கையைப் பிய்த்துக்கொண்டு மல்லாக்க விழுந்தேன். அதே கணம் உருளைகள் ஓடின. மெயின் அணைந்தே இருந்தது.

லேப்டாப்பில் பழைய பதிவு இல்லை. அதன் இடத்தில் புதிது.

11:42, கட்டளை இல்லாமல் உருளை ஓட்டம். தடை இல்லை. மறுமுயற்சி நிலுவையில்.

அன்றைக்கே தஸ்மியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் அதிகாரியிடமும் சொன்னேன். புதுப் பதிவு யஹ்யா இறந்த நாளைப் பற்றிச் சொல்லாதே, அந்த நாளுக்கு ஆதாரம் எங்கே என்றார். அழித்ததை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பேன்? யஹ்யாவின் அஜாக்கிரதை என்றே எழுதிக்கொண்டு போனார்.

இன்று வண்ணார்பேட்டையில் ஒரு புது லிஃப்டுக்குப் பெட்டி பொருத்தினேன். உறையை நானே பிரித்தேன். முதல் தடவையாக மின்சாரம் கொடுத்தவனும் நானே. நினைவகம் காலியாக இருக்க வேண்டும்.

பதிவுகள்: ஒன்று.

யஹ்யாவின் பதிவாக இருக்கக்கூடாதா என்று ஆசையோடு திறந்தேன். அது கிடைத்தால் ஓடிப்போய் தஸ்மியாவிடம் கொடுத்துவிடுவேன்.

என்னுடையதுதான்.

தடை இல்லை. மறுமுயற்சி நிலுவையில்.

கடிகாரத்தைப் பார்க்கத் துணிவில்லை. அத்தர் வாடை வந்துவிட்டது.