வெள்ளச்சியை யார் ஓட்டுவது?

"இந்த டீத்தூள் டப்பா ஒண்ணுதான் பாக்கி. இதையும் பாத்துடுறேன்!"

சொல்லிக்கொண்டே நாத்தனார் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். சமையலறைத் தரையில் ஏற்கெனவே அரிசியும் சர்க்கரையும் சிதறிக் கிடந்தன. அவற்றின் மேல் கறுப்பாக டீத்தூள் கொட்டியது. கூடவே 'ணங்'கென்று விழுந்தது கார் சாவி.

நாத்தனார் அதை எடுத்து உயர்த்திக் காட்டினாள்.

"பாத்தியா அண்ணா! நான் சொன்னப்போ நம்பலையே நீ! இதோ... உன் பொண்டாட்டி ஒளிச்சு வச்ச லட்சணம்!"

மருமகள் அடுப்போரமாகச் சுவரோடு ஒட்டி நின்றாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி, விரல் நுனி வெளுத்துவிட்டது. வாசல்படியில் நின்ற கணவனின் முகத்தை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஏன்?" என்றான் அவன். சத்தம் போடாமல்தான் கேட்டான். அவன் சத்தம் போட்டிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும். "காலையில இருந்து நானும் அப்பாவும் கட்டிலுக்கு அடியில, பீரோவுக்குப் பின்னாலன்னு தேடுறோம். நீயும் கூடவே தேடின. கூடவே தேடினியே... எப்படி முடிஞ்சுது உன்னால?"

அவள் பதில் சொல்ல முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் அந்தக் காரை யாரும் கார் என்று சொல்வதில்லை. பால் நிறத்து டொயோட்டா கொரோலா அது. மாமனார் மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில் வாங்கியது. மாமியார்தான் அதற்கு 'வெள்ளச்சி' என்று பேர் வைத்தாளாம். பிள்ளைகள் இரண்டும் பிறந்து வீட்டுக்கு வந்தது வெள்ளச்சியில்தான். மருமகள் கல்யாணமாகி வந்து இறங்கியதும் அதில்தான். "இந்த வீட்டுக்கு மூத்த பொண்ணு வெள்ளச்சி. நீ ரெண்டாவதுதான், கோவிச்சுக்காத" என்று மாமனார் அன்றைக்கே சிரித்துக்கொண்டு சொன்னார். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. மாமியார் படுக்கையில் விழுந்தபோது, பள்ளி அலுவலகத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, வாரா வாரம் அந்தக் காரின் பின்சீட்டில் மாமியார் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவள் அவள். அதற்காக யாரும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

இன்றைக்கு ஊருக்கு வெளியே பெரிய மைதானத்தில் கொரோலா உரிமையாளர்களின் கூட்டம். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாம் வரிசையாக ஓட்டி வருவார்கள். கை மாறாமல் ஒருவரிடமே இருக்கும் வண்டிகளில் மிகப் பழையது வெள்ளச்சிதானாம். அதனால் ஊர்வலத்தில் முதல் வண்டி அது. மாமனார் மேடையேறி, டொயோட்டா கம்பெனியின் கதையையும் தன் அனுபவத்தையும் பேச வேண்டும். அழைப்பு வந்த நாளிலிருந்து மனிதர் தரையில் கால் பாவாமல் நடந்தார். அப்பா ஓட்டிப் போவதைப் பார்க்கவே நாத்தனார் தன் சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்தாள்.

"சொல்லுங்க அண்ணி! எங்க அப்பாவுக்கு வாழ்க்கையில மிச்சமிருக்கிற சந்தோஷமே அந்த வண்டிதான். அதையும் பிடுங்கிட்டு அவரை மூலையில உட்கார வைக்கப் பாக்குறீங்களா? அம்மா இல்லன்னதும் இந்த வீட்ல உங்க ராஜ்ஜியம், அப்படித்தானே?"

"நான் அப்படி நினைக்கலம்மா..."

"அப்போ எதுக்கு ஒளிச்சீங்க?"

"இன்னைக்கு ஒருநாள் உங்க அண்ணன் ஓட்டட்டுமேன்னுதான்..."

"அப்பா குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது நான் எதுக்கு ஓட்டணும்?" கணவன் குறுக்கிட்டான். "அவர் கையில ஸ்டியரிங் இருந்தா கண்ணை மூடிக்கிட்டுப் போகலாம்னு ஊரே சொல்லுது. உனக்கு மட்டும் என்ன?"

மருமகள் மெல்லத் திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள். வெளுத்த சட்டையும் தேய்த்த பேண்ட்டுமாக மாமனார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அத்தனையும் அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. 'மாமா, ஒரே ஒரு வார்த்தை...' என்று அவள் கண் கெஞ்சியது.

அந்தக் கண் கெஞ்சுவது அவருக்குத் தெரியாது. அதுதான் விஷயமே.

போன மாதம் இரண்டு பேரும் மார்க்கெட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். நல்ல வெளிச்சம், அகலமான சாலை. ஒரு பெண் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளியபடி சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். கார் வேகம் குறையவே இல்லை. "மாமா...!" என்று இவள் அலறிய அலறலில்தான் பிரேக் விழுந்தது. தள்ளுவண்டிக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம். அந்தப் பெண் திட்டக்கூட வாய் வராமல் குழந்தையை வாரி அணைத்துக்கொண்டு ஓடினாள்.

மாமனார் வண்டியை ஒரு மரத்தடியில் ஓரம் கட்டினார்.

"எனக்குத் தெரியலம்மா... ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது. நேரா பாத்தா மட்டும் நடுவுல புகை மூட்டம் மாதிரி... ஆள் இருக்கிறதே தெரியல."

ஏற்கெனவே கண் டாக்டரிடம் யாருக்கும் தெரியாமல் போய்வந்திருக்கிறார். போன பார்வை திரும்ப வராது, வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்குள் ஓரப்பார்வையை வைத்தே சமாளித்துக்கொண்டிருந்ததால் பிள்ளைகளுக்குச் சந்தேகமே வரவில்லை.

"பசங்ககிட்ட சொல்லிடாதம்மா. பாவம்னு பாப்பாங்க. அதைத்தான் என்னால தாங்க முடியாது. இனி நான் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன், சத்தியம். நீ சொல்லமாட்டேன்னு எனக்கு வாக்குக் கொடு." அந்தப் பெரிய மனிதர் சின்னப் பிள்ளைபோல அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் வாக்குக் கொடுத்தாள்.

அவள் தன் வாக்கைக் காப்பாற்றினாள். அவர்தான் அழைப்பு வந்ததும் தன் சத்தியத்தைக் காற்றில் விட்டார். "இன்னைக்கு ஒருநாள்தாம்மா... ரோடு எனக்கு மனப்பாடம்" என்று விடியற்காலையில் சமையலறை வாசலில் நின்று கெஞ்சினார். "நீங்களே சொல்லிடுங்க மாமா, உங்க கால்ல விழறேன்" என்று இவள் கெஞ்சினாள். அவர் சொல்லவில்லை. வேறு வழி தெரியாமல் இவள் சாவியை எடுத்து மறைத்தாள்.

"அப்பா, நீங்களே கேளுங்கப்பா அவளை!" என்றான் கணவன்.

மாமனார் தொண்டையைச் செருமினார். மருமகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடுவார். எப்படியும் சொல்லிவிடுவார்...

"எனக்கும் ஒண்ணும் புரியலப்பா," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "விடு. நேரமாச்சு. கிளம்பலாம்."

யாரோ காலடியிலிருந்த தரையை உருவிக்கொண்டதுபோல இருந்தது அவளுக்கு. இத்தனை வருஷம் 'அம்மாடி' என்று கூப்பிட்ட வாய்!

"கேட்டுச்சா?" கணவனின் பொறுமை அத்தோடு அறுந்தது. "நாங்க திரும்பி வர்றதுக்குள்ள உன் மனசுல என்ன இருக்குன்னு யோசிச்சு வை. இல்ல, கொஞ்ச நாள் உங்க அண்ணன் வீட்ல போய் இருந்துட்டு வா. எனக்கு உன் முகத்தைப் பாக்கவே பிடிக்கல!"

எல்லோரும் வெளியே போனார்கள். அவள் மட்டும் அரிசிக்கும் டீத்தூளுக்கும் நடுவே நின்றாள். ஒரு வார்த்தை போதும். வாசலுக்கு ஓடிப்போய், 'அவருக்குக் கண் தெரியாது' என்று கத்தினால் தீர்ந்தது. ஆனால் வாக்கு நெஞ்சுக்குள் கல்லாக உட்கார்ந்திருந்தது. அப்போது வெளியே குழந்தையின் குரல் கேட்டது.

"தாத்தா, நான் ஜன்னலோரம்!"

அவள் காலில் செருப்புக்கூட மாட்டவில்லை.

முற்றத்தில் வெள்ளச்சி கேட்டைப் பார்த்தபடி உறுமிக்கொண்டிருந்தது. மாமனார் ஸ்டியரிங்குக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் நாத்தனார் குனிந்து குழந்தைக்கு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தாள். கணவன் வீட்டுச் சுவரோரத்துக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தான். மருமகள் வீட்டின் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்து, நேரே போய்க் காருக்கு முன்னால், கேட்டுக்கும் பானட்டுக்கும் நடுவே நின்றாள். வாயைத் திறக்கவில்லை. கையை அசைக்கவில்லை. காலை வெயில் அவளுடைய மஞ்சள் புடவையில் பளீரென்று அடித்தது.

கணவன் கையைத் துடைத்தபடி வந்து முன்கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்தவன் அவளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

"என்னடா நிக்கிற? ஏறு," என்றார் மாமனார்.

"அவ..."

"அவகிட்ட அப்புறம் பேசிக்கலாம். உள்ள கிடக்கட்டும். வழிதான் காலியா இருக்கே, சட்டுனு ஏறு!"

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பாவின் கண்கள் நேராக அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. இமைக்காமல், மிக அருகிலிருந்து.

"அப்பா... என்ன சொன்னீங்க?"

"வழி காலியா இருக்குன்னேன். காது கேக்கலையா?" என்று சிரித்தபடி அவர் கிளட்ச்சை விட்டார்.

கார் நகர்ந்தது.

"அத்தை...! தாத்தா, அத்தை நிக்கிறாங்க!" குழந்தை வீறிட்டது. கணவன் பாய்ந்து விழுந்து ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்தான். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. எஞ்சின் அடங்கியது. பம்பர் அவள் முழங்காலில் தட்டி, புடவை மடிப்பை அழுத்திக்கொண்டு நின்றது. அவள் கண்ணை இறுக மூடியிருந்தாள். நின்ற இடத்தைவிட்டு மட்டும் நகரவில்லை.

நாத்தனார் பின்சீட்டில் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"நின்னுட்டு இருந்தாளா...?" மாமனாரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "முன்னாலயா...? என் முன்னாலயா நின்னா?"

தட்டுத் தடுமாறி இறங்கினார். பானட்டைத் தடவிக்கொண்டே வந்தார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, ஓரக்கண்ணால் தேடி, மஞ்சள் புடவையைக் கண்டுபிடித்தார். அவ்வளவுதான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குக் கண்ணு தெரியலடா! இவளுக்குத் தெரியும். இவளுக்கு மட்டும்தான் தெரியும். நான்தான் வாயைக் கட்டிப் போட்டேன். நீங்க ரெண்டு பேரும் இவளைக் கிழிச்சுத் தொங்கவிட்டப்போ நான் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஐயோ... இப்போ கொன்னே போட்டிருப்பேனே!"

கணவன் அவளருகே வந்தான். அவள் தோளைத் தொடக் கை நீட்டி, தொட உரிமையில்லாதவன்போல நிறுத்திக்கொண்டான்.

"அவருக்குக் கண் தெரியாதுன்னு தெரிஞ்சுமா... முன்னால வந்து நின்ன?"

"பின்னால குழந்தை உட்கார்ந்திருக்கு," என்றாள் அவள். "பேசமாட்டேன்னு வாக்குக் கொடுத்துட்டேன். வேற எங்க போய் நிக்கச் சொல்றீங்க?"

அவன் உடைந்து போனான். நாத்தனார் காரைவிட்டு இறங்கி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி... என்னென்னவோ பேசிட்டேனே! எதையும் மனசுல வச்சுக்காதீங்க அண்ணி... மறந்துடுங்க!"

மருமகள் அந்தக் கையை உதறவில்லை. இறுகப் பற்றிக்கொள்ளவும் இல்லை.

"மறக்க முயற்சி பண்றேன்மா. ஆனா நான் வாயைத்தான் மூடி வச்சிருந்தேன். காதை இல்ல. எல்லாம் கேட்டுச்சு."

நாத்தனார் தலை கவிழ்ந்தாள். பிறகு உள்ளே போய், சமையலறைத் தரையைத் தானே கூட்டி அள்ளினாள்.

போகவே வேண்டாம் என்றார் மாமனார். மருமகள்தான் விடவில்லை. "நீங்க பேசுறதைக் கேக்க எத்தனையோ பேர் வந்திருப்பாங்க மாமா. ஓட்டத்தான் கூடாது. பேசக்கூடாதுன்னு எந்த டாக்டரும் சொல்லலையே," என்று சொல்லி, அவருடைய கசங்கிய சட்டையை மாற்றச் சொன்னாள். கணவன் ஓட்டினான். ஊர்வலத்தில் முதல் வண்டியாக வெள்ளச்சி போனபோது, அப்பா பக்கத்து சீட்டில் கையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேடையில் மைக்கைக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் அவர் வழக்கமான உற்சாகத்தோடுதான் பேசினார். கார் செய்வதற்கு முன்னால் டொயோட்டாக்காரர்கள் நெசவுத் தறி செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும், உலகத்தில் கொரோலா அளவுக்கு விற்ற கார் வேறு இல்லை என்பதையும் சொன்னார்.

"அந்தத் தறியில ஒரு விசேஷம் உண்டுங்க. ஒரே ஒரு நூல் அறுந்தாக்கூட, தறி தானா நின்னுடும். துணி பாழாகிடக் கூடாதுன்னு..."

அந்த இடத்தில் பேச்சு நின்றது. கூட்டம் காத்திருந்தது. அவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அனுபவத்தைச் சொல்லச் சொன்னாங்க. சொல்றேன். இத்தனை வருஷத்துல இந்த வண்டி என்னை ஒருநாள்கூட நடுவழியில விட்டதில்ல. மழையில, வெயில்ல, என் மனைவி உயிருக்குப் போராடின நாள்ல... விட்டதே இல்ல. ஆனா இன்னைக்குக் காலையில, என் மருமகளை நான் நடுவழியில விட்டுட்டேன். என் மானத்தைக் காப்பாத்த அவ திட்டு வாங்கினா. நான் பாத்துக்கிட்டு... இல்ல, பாக்கக்கூட இல்ல. எனக்குப் பார்வை போயிடுச்சுங்க. இனிமே நான் ஓட்டமாட்டேன். அதை உங்க எல்லார் முன்னாலயும் சொல்லிடுறேன்."

அவர் முகத்தை இடமும் வலமுமாகத் திருப்பிக் கூட்டத்துக்குள் தேடினார்.

"எங்கம்மா இருக்க? எனக்குத் தெரியல..."

காலையிலிருந்து ஒரு சொட்டுக்கூட விடாமல் அடக்கி வைத்திருந்த கண்ணீர் அப்போதுதான் அவளுக்கு உடைத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன் எழுந்து வழிவிட்டான். அவள் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, மேடைப் படியேறி, அவருடைய ஒரு கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொண்டாள்.

"இங்கதான் இருக்கேன் மாமா," என்றாள்.

அவர் அவள் தோளில் முகம் புதைத்துக் குழந்தைபோல் விம்மினார். மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. இரண்டு பேரும் அழுவது மைதானம் முழுக்கக் கேட்டது.